மணலுக்கும் கம்பிக்கும் யார் பொறுப்பு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பியவை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெயிலில் நின்று சேர்த்த காசு, அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ சுவராக நிற்கிறது. அந்தச் சுவர் இரண்டு வருஷத்தில் பொரிந்து கொட்டினால் யாரைக் கேட்பது? மேஸ்திரியைக் கேட்டால், "மணல் சரியில்லீங்க" என்பார். மணல்காரர், "கலவை சரியில்லை" என்பார். கடைக்காரர், "கம்பெனியைக் கேளுங்க" என்பார். வீட்டுக்காரர் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடுவார்.

இது தலையெழுத்து இல்லை. இதற்குச் சட்டம் இருக்கிறது.

லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான்; தரக்குறைவான பொருளைப் போட்டுக் கட்டினால் அது சேவைக் குறைபாடு; கட்டியது அரசு அமைப்பாக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம்.

இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைபாடுள்ள பொருளால் உங்கள் உடலுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால், தயாரித்தவர் மீது பொருள் பொறுப்பு வழக்குப் போடலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவர் தலையில் அந்தப் பொறுப்பு விழும். எந்தக் கிரஷரிலிருந்து வந்தது என்று தெரியாத லாரி மணலுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு 'ரேரா' எனப்படும் 2016-ஆம் வருஷத்துச் சட்டமும் துணை. சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், கட்டியவர் 30 நாளைக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் நம்மூர் வீட்டுக்கு ரேரா வராது. அவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி.

பொருளில் குறை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2022 பிப்ரவரியில் ஹரியானா மாநிலம் குருகிராமில் நடந்ததே சாட்சி. ஓர் அடுக்குமாடியில் பல தளங்களின் கூரை ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து 2 பெண்கள் இறந்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி. ஆராய்ந்து, கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடு உள்ளிருந்த கம்பியை வேகமாக அரித்துவிட்டதைச் சொன்னது. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம் வேலை பார்க்கும் தம்பிகள் இதை மறக்கக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்றுவது வீட்டுக்குள்ளேயே துருவை விதைப்பதுதான்.

சரி, வழக்குக்கு என்ன வேண்டும்? முதலில் பில். "பில் வேண்டாம்னா ரேட்டு குறைச்சுத் தரேன்" என்பார்கள். அந்தக் குறைச்சலில் போவது உங்கள் உரிமை. அடுத்து, சிமெண்ட் மூட்டையில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரித்த வாரத்தையும், கம்பியில் பொறித்திருக்கும் பெயரையும் போட்டோ எடுத்து வையுங்கள். மணலில் ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால், மேலே படியும் தூசியே பாதி கதையைச் சொல்லிவிடும். மீதிக் கதைக்கு ஆய்வகம் இருக்கிறது. மேஸ்திரியோடு பேசிய விலை, கலவை அளவு, வேலை முடிக்கும் நாள் எல்லாம் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

குறை தெரிந்ததும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். உடனே பூசி மறைத்துவிடாதீர்கள், சாட்சி போய்விடும். 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பொருளைச் சோதித்துத்தான் குறையைக் காட்ட முடியும் என்றால், ஆணையமே மாதிரி எடுத்து, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்.

கடைசியாக நம் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. பொறியாளர் செய்வதும் காசு வாங்கிச் செய்யும் சேவைதான். லாரி மணலைப் பார்க்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு எதிர்மனுதாரர் வரிசையில் நம் பெயரும் இருக்கும். கெட்ட லோடைத் திருப்பி அனுப்பினால் அன்று ஒருத்தர் கோபப்படுவார், அவ்வளவுதான். திருப்பி அனுப்பாவிட்டால் ஒரு குடும்பம் ஆயுசுக்கும் அந்தக் கூரைக்குக் கீழே பயந்து படுத்திருக்கும். தம்பி தங்கைகளே, திருப்பி அனுப்பும் தைரியத்தைப் படிக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.