பீப்பாய்ப் பலகையில் ஒரு கால்



அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1861 ஜூன் 3, விடியற்காலை. பிலிப்பி என்ற சிற்றூரில், தெற்குப் படையில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஜேம்ஸ் எட்வர்ட் ஹேங்கர் என்ற 18 வயது இளைஞரின் இடது காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. எதிரிப் படையின் மருத்துவரே முழங்காலுக்கு மேலே காலை எடுத்து, உயிரைக் காப்பாற்றினார்.

கைதியாக இருந்தபோது ஹேங்கருக்குக் கிடைத்தது ஒரு கட்டைக்கால். முழங்கால் மடங்காது. நடந்தால் காலைப் பக்கவாட்டில் வீசிப் போட வேண்டும். உட்கார்ந்தால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகஸ்டில் விடுதலையாகி வீடு வந்தவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளை மனம் ஒடிந்துவிட்டான் என்று வீட்டார் நினைத்தார்களாம். உள்ளே அவர் பீப்பாய்ப் பலகைகளைச் சீவிக்கொண்டிருந்தார். சில மாதங்களில், முழங்காலிலும் கணுக்காலிலும் கீல் வைத்த காலோடு நடந்து வெளியே வந்தார் என்பது குடும்பக் கதை. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் 1871இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது கதையல்ல.

பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். படிப்பைவிட அவருக்குக் கைகொடுத்தது, சரக்கைத் தானே மாட்டிப் பார்க்க முடிந்ததுதான். வெட்டுப்பட்ட தொடை உட்காரும் குழி ஒரு நூல் பிசகினாலும் தோல் உரிந்துவிடும். கால் உள்ள தச்சருக்கு அது எப்படித் தெரியும்?

சரி, காலைச் செய்தாயிற்று. யாரிடம் விற்பது? கால் போனவன் கையில் காசு ஏது? சாதனைக் கதைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான். வடக்கு அரசு 1862இல் சட்டம் போட்டு, தன் வீரர்களுக்கு ஒரு காலுக்கு 75 டாலர் கொடுத்தது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கு வீரர்களுக்கு அந்தப் பணம் இல்லை. ஹேங்கரும் அந்தப் பக்கத்து ஆள்தான், அதை மறைப்பானேன்! ஆனால் தெற்கைச் சேர்ந்த வர்ஜீனியா மாநிலம் மற்ற வீரர்களுக்கும் கால் செய்யும் வேலையை அவரிடம் கொடுத்தது, பட்டறை தொழிலானது. போருக்குப் பின், தெற்கின் இன்னொரு மாநிலமான மிசிசிப்பி 1866இல் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கை உறுப்புகளுக்கே செலவிட்டதாகச் சொல்வார்கள்.

1919இல் ஹேங்கர் இறந்தபோது, அவர் கம்பெனிக்கு லண்டனிலும் பாரிஸிலும் கிளைகள் இருந்தன. முதல் உலகப் போரில் கால் இழந்தவர்கள் அங்கே வந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் காலுக்கு ஆன செலவு அவர்கள் அரசாங்கத்தினுடையது.