கப்பலேட்டில் குடிமரபு



குடிமரபைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னர்தம் பெற்றோரைக் குறிக்கின்றன. சோழர் செப்பேடுகள் அரசர் வழிமுறையை நிரல்பட உரைக்கின்றன. ஆயின் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் மெய்க்கீர்த்தி பாடியவர் இலர். அன்னோர் பலருடைய பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் ஒருங்கே எழுதிவைத்தது, அவர்களைக் கடல் கடத்திய கப்பற் பதிவேடே ஆகும்.

1860 அக்டோபரில் சென்னையினின்றும் புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். தென்னார்க்காடு மாவட்டத்தாரும் அவர்களுள் அடங்குவர். பதிவேட்டில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. அதனெதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடல் அடையாளம் ஆகியன காணப்பெறும். மொரீசியசுக்குச் சென்றோர் பதிவேடுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்பெறுகின்றன.

ஸ்காட்லாந்தினின்றும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுங்கால், அந்நாட்டுத் தேவாலயப் பதிவேடுகளும், 1855 முதல் கட்டாயமாக்கப்பெற்ற பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் துணை நிற்கின்றன. அவர்க்குப் புறப்பட்ட கரையிலும் ஏடு உண்டு. தமிழர்க்கோ ஏடு பெரும்பாலும் அக்கரையில் உள்ளது. இக்கரையில் எஞ்சியிருப்பது முதியோர் நினைவே.

தேடுவோர்க்கு முதல் இடர் பெயர். தமிழரின் முன்னெழுத்துத் தலைமுறைதோறும் மாறுவது. அயலகப் பதிவோ, சென்றவரின் இயற்பெயரையோ பட்டப்பெயரையோ குடும்பப்பெயராக நிலைநிறுத்திவிட்டது. முனுசாமி 'முன்சாமி' ஆயினார்; முதலி 'மூட்லி' ஆயினார். கடலூர், சிதம்பரம் வட்டாரங்கள் நன்கறிந்த படையாட்சிப் பட்டம் டர்பனில் குடும்பப்பெயராக வழங்குகிறது.

இரண்டாம் இடர் ஊர். செவிவழிக் கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதிய எழுத்தரிடம் லகர, ளகர, ழகர வேறுபாட்டை எதிர்பார்த்தல் இயலாது. ஒரே பெயருடைய சிற்றூர்களும் பல. ஆதலின் ஊர்ப்பெயர் ஒன்றைக் கொண்டே முடிவு செய்தல் பொருந்தாது. வட்டம், பட்டம், குலதெய்வம் ஆகியவும் ஒத்துவரல் வேண்டும்.

இப்பணி தமிழ் கற்றார்க்கு அயலானதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தோன்றாது. எனினும் பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைத் துணிந்தனர். அயலக ஏட்டில் சிதைந்து கிடக்கும் பெயருக்கும் ஊருக்கும் வேண்டுவது அதே பயிற்சிதான்.

வேண்டுவது இன்னொன்றும் உண்டு. கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய செய்தி இன்றும் சில வீடுகளில் வழங்கக்கூடும். அதனைச் சொல்லும் முதியோர் மறையின் செய்தியும் மறையும். அண்ணாமலை நகரைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள், தத்தம் ஊரில் சென்றவர் பெயர், பட்டம், குலதெய்வம், உடன்பிறந்தார் வழி ஆகியவற்றைக் கேட்டு எழுதுவராயின், அக்கரை ஏட்டுக்கு இக்கரையில் ஓர் இணையேடு உருவாகும். ஐந்தாம் தலைமுறைப் பெயரன் ஒருவன் எண்ணும் ஊர்ப்பெயரும் எழுதிய தாளோடு இங்கு வந்து நிற்குங்கால், அவனுக்கு விடை சொல்ல அவ்வேடு வேண்டும்.