குடல் அழற்சி நோயும் குடும்பச் செலவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் மருந்துச் செலவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட நோய் கல்விக்கு நேர்ப்பகை என்பதே அதற்கு விடை. குடல் அழற்சி நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தோன்றுகிறது. பள்ளியிறுதித் தேர்வும், கல்லூரிப் படிப்பும், முதல் வேலையும் அமைகின்ற பருவம் அதுவேயன்றோ?

இந்நோய் இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்லது குரோன் நோய். நியூயார்க் மருத்துவர் குரோனும் அவருடைய தோழர் இருவரும் 1932இல் விவரித்து எழுதியதால் அப்பெயர் பெற்றது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலின்மீது பாய்வதால் விளையும் நோய் இது. ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாது. அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. ஆகவே இதன் செலவு ஒருநாட் செலவன்று, ஆயுட் செலவு.

முதற் செலவு காலதாமதத்தால் வருவது. இரத்தம் கலந்து மலம் போனால் மூலம் என்றும் சீதபேதி என்றும் எண்ணி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிப் பல மாதங்களைப் போக்குகிறோம். குடற் காசநோயும் குரோன் நோயும் மருத்துவரே மயங்கும் அளவுக்கு ஒத்திருப்பவை. எனவே கழிச்சல் வாரக் கணக்கில் நீடித்தாலும், இரத்தம் தென்பட்டாலும், குடலியல் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுவதே சிக்கனம். குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலனாஸ்கோப்பிச் சோதனையும், சதைத் துணுக்குச் சோதனையும் நோயைத் தெளிவாக்கும்.

இரண்டாவது, நாள்தோறும் உண்ணும் மாத்திரை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளி மெசலமின் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 2.4 கிராம் உட்கொள்வதாகக் கொள்வோம். 1.2 கிராம் மாத்திரையில் நாளைக்கு இரண்டு; ஆண்டுக்கு 730. இரத்தம் நின்றதும், "இனி எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திப் பணத்தை மிச்சப்படுத்தும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அடங்கிய நோய் சீறி எழுந்தால் மருத்துவமனைப் படுக்கை, இரத்தம் ஏற்றல், சில வேளைகளில் பெருங்குடலையே அகற்றும் அறுவை என்று செலவு வளர்கிறது. மிச்சம் பிடித்த மாத்திரையே யாவற்றினும் விலையுயர்ந்த மாத்திரை என்பதை மறவாதீர்கள்.

சல்ஃபாசலசின் என்னும் பழைய மருந்து மெசலமினைவிட மலிவு. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் கண்ட மருந்து அது. பக்க விளைவுகள் சிலர்க்குச் சற்று மிகுதி எனினும், தாங்கக்கூடியோர்க்கு நன்கு பயன்படும். "ஐயா, எனக்கு அது பொருந்துமா?" என்று மருத்துவரைக் கேட்பதில் நாணம் வேண்டா. தாமாக மாற்றிக்கொள்வது மட்டும் கூடாது. மற்றொன்று ஸ்டீராய்டு. மிக மலிவானது, விரைந்து குணம் காட்டுவது. சீட்டின்றி நெடுநாள் உண்டால் எலும்பு நலியும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும். மலிவு என்பது எப்பொழுதும் சிக்கனமன்று.

மூன்றாவது, ஊசி மருந்து. மாத்திரைக்கு அடங்காத நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் தருகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஒரு முறைக்கு 100 மில்லிகிராம் குப்பிகள் மூன்று. முதலாண்டில் எட்டு முறை. ஆக 24 குப்பிகள். ஒவ்வொரு குப்பியும் பல ஆயிரம் ரூபாய். அடலிமுமாப் என்னும் மற்றோர் ஊசிக்கு நம் நாட்டு நிறுவனம் ஒன்று 2014 டிசம்பரில் ஒப்பு மருந்தை, அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வெளியிட்டது. அமெரிக்க மக்களோ, காப்புரிமைத் தடைகளால் அத்தகைய மருந்துக்கு 2023 வரை காத்திருந்தனர். விலை என்பது மருந்தின் இயல்பு மட்டுமன்று, சட்டத்தின் விளைவுமாகும்.

நான்காவது, எந்த இரசீதிலும் ஏறாத செலவு. நோயாளியின் கூலி, துணைக்குச் செல்லும் தாயின் கூலி, பேருந்துக் கட்டணம், எழுதாமல் போன தேர்வு ஆகியவை அது.

இவற்றுக்கு உதவி எங்கே? 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை அளிப்பது. ஆயினும் அது படுக்கையில் சேர்ந்தோர்க்கு உரியது. வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தோடு அதன் பொறுப்பு முடிகிறது. நம் நோயோ பதினாறாம் நாளும் மாத்திரை கேட்கும். வெளிநோயாளிக்கும் மருந்து தருவது இ.எஸ்.ஐ. திட்டம். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தபோது, 1944இல் பேராசிரியர் அடார்கர் அளித்த அறிக்கையே அதன் வித்து. 1948இல் அது சட்டமாயிற்று. அதன் சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சந்தா நிபந்தனை நிறைவேறியவர்க்கு ஆண்டில் 91 நாள் வரை, நோயுற்ற காலத்தில் 70 விழுக்காடு ஊதியமும் உண்டு.

ஆகவே இளைஞர்களே, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்பொழுது சம்பளத்தைக் கேட்பதோடு இ.எஸ்.ஐ. எண்ணையும் கேளுங்கள். வேலைக்குச் செல்லாத மாணவர் அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மருந்து கிடைக்குமா என்று கேட்டுப் பெறட்டும். இல்லையெனில் மக்கள் மருந்தகத்தில் விசாரிக்கட்டும். சங்கத்தின் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நாம் வழங்கும் கல்வி உதவித்தொகையில், நாட்பட்ட நோயுடைய மாணவரின் மாத்திரைச் செலவையும் சேர்த்துக்கொள்வோம். புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் உடலை மறந்துவிடலாகாது. நோயைச் சொல்ல நாணி ஒரு பிள்ளையும் படிப்பை நிறுத்தாத நிலையை உண்டாக்குவோம்.