மூளைப் படமும் மறதி நோயும்

(மாதுங்காவில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "ஒரு நியூராலஜிஸ்டைக் கூப்பிடுங்களேன்" என்றேன். "நீங்கள் அனுபவப்பட்டவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார். என்ன அனுபவம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் இங்கே வரவேண்டும் என்பதற்காக, என் பெண் செம்பூரிலிருந்து வந்து இப்போது அவள் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் என் அத்திம்பேர் கதையைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். ரத்தக் காயம் ஏதும் இல்லை. இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் பேச்சு தடுமாறியது, கால் இழுத்தது, மத்தியானத்தை விடியற்காலை என்றார். "வயசாயிடுத்து, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். மருமான் ஒருவன் மட்டும் கேட்காமல் அழைத்துக்கொண்டு போய் சி.டி. ஸ்கேன் எடுத்தான். சில நிமிஷ வேலைதான். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. ஓட்டில் துளை போட்டு அதை வடித்தார்கள். மூன்று வாரத்தில் பழையபடி கறிகாய்க்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

மறதிக்காக ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் முதலில் தேடுவது இந்த மாதிரி சரிசெய்யக்கூடிய கோளாறுகளைத்தான். ரத்தக்கட்டு, கட்டி, மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்குவது, இவையெல்லாம் மறதி நோய் போலவே வேஷம் போடும். நீர் தேங்கினால் நடையும் தடுமாறும், சிறுநீரும் கட்டுப்படாது. குழாய் வைத்து வடித்தால் பலருக்குக் குணம் தெரியும்.

இந்த சி.டி. இயந்திரத்தை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். நம் வீட்டு கிராமஃபோனில் சுற்றிய ஹெச்.எம்.வி. தட்டுகளும் அதே கம்பெனியுடையவைதான்! 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் கார்மாக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் உயிரோடு இருப்பவரின் மூளைத் திசுவை மண்டையைத் திறக்காமல் நேராகப் பார்க்க வழியே இல்லை. அல்ஸைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1901-ல் பார்க்கத் தொடங்கிய பெண்மணிக்கு என்ன நோய் என்று, 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துத்தான் கண்டார்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2018-ல் என் மனைவி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்திக சமாஜம் பக்கம் பூ வாங்கப் போனவளுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. நாற்பது வருஷம் நடந்த தெரு. தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். டாக்டரிடம் போனோம். "கொஞ்சம் மறதி" என்று மட்டும் சொன்னேன். வழி தவறியதைச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். இதில் எக்ஸ்ரே கிடையாது. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையை வாங்கிப் படமாக்குகிறார்கள். சி.டி.யைவிட நுணுக்கமாகத் தெரியும். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால் திருமாங்கல்யத்தைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்று அழுதாள். நர்ஸம்மா ஒரு மலையாளி. அவரே மஞ்சள் சரடு ஒன்று தேடிக்கொண்டு வந்து கட்டிவிட்டார். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கட்டாயம் சொல்லவேண்டும்; பழைய மாடல்கள் சிலவற்றோடு உள்ளே விடமாட்டார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில், வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம், வேறு குறை இல்லை என்று இருந்தது. ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார் டாக்டர். நான் போகவில்லை. 'குறை இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டதே! சர்க்கார் பழக்கம், ஃபைலை மூடிவிட்டேன்.

பத்தொன்பது மாதம் கழித்து இரண்டாவது எம்.ஆர்.ஐ. எடுத்து, டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காதுக்கு உட்புறமாக, கடல்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புது ஞாபகங்கள் பதிய அது வேண்டும். இரண்டாவது படத்தில் அது நன்றாகவே இளைத்திருந்தது. ஒரே ஒரு படத்தில் வயதின் சுருக்கமா, நோயின் சுருக்கமா என்று ஆரம்பத்தில் பிரிப்பது கடினம் என்றார். "வழி தவறியதை அன்றே சொல்லியிருந்தால் நான் அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்" என்றும் சொன்னார்.

முன்பே தெரிந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்பீர்கள். ஆகியிருக்காது. ஆனால் அந்தப் பத்தொன்பது மாதமும் "இப்பத்தானே சொன்னேன்" என்று அவளை நான் கடிந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது பெட் ஸ்கேன். இதில் நம் மும்பைக்குப் பெருமை உண்டு. பரேலில் உள்ள பாபா அணுசக்தி மையத்தின் கதிரியக்க மருத்துவப் பிரிவில்தான் 2002-ல் இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் வந்தது. குளுகோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளூரினைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். உடம்பு எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நம் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. எந்தப் பகுதி சாப்பிடாமல் சோர்ந்திருக்கிறதோ அது மங்கலாகத் தெரியும். அல்ஸைமரில் பக்கவாட்டிலும் பின்பக்கமும், வேறு வகை ஒன்றில் நெற்றிப் பக்கமும் மங்கும். அந்த ஃப்ளூரின் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். நம் ஊர் டிராஃபிக்கில் சயான் தாண்டுவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையே காட்டும் ஸ்கேனும் உண்டு. 2004-ல் அதன் முதல் முடிவுகள் வெளியாயின. ஞாபகம் நன்றாக உள்ள முதியவர்கள் பலருக்கும் இந்தப் படிவு இருப்பதால், சும்மா பார்த்துவிடலாம் என்று யாரும் போகவேண்டாம் என்பது என் அபிப்ராயம். வீண் கவலைதான் மிஞ்சும். அமெரிக்காவில் 2023-ல் லெக்கனிமாபும் 2024-ல் டோனனிமாபும் முழு அனுமதி பெற்றன. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அவை; நோயைச் சற்று மெதுவாக்கும், மாற்றாது. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

ஸ்கேனில் அகப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு பி-12 வைட்டமின் குறைவது சகஜம். அதனாலும் ஞாபகம் குழம்பும். தைராய்டு குறைந்தாலும் அப்படியே. சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ஸ்கேனுக்குக் கொட்டியவர்களை நான் அறிவேன்.

2023-ல் வெளியான ஆய்வுக் கணக்குப்படி, நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. இந்த ஹாலில் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. டாக்டரிடம் போகும்போது என்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எதிரே சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கொடுங்கள். பழைய படங்களைப் பரணில் போடாதீர்கள்.

என் பெண் ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும். அதற்குள் கேள்வி ஏதாவது இருந்தால் கேளுங்கள்.