கள்ளிச்செடிக்கு ஏற்ற இடம்: வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?



கேமரன் மலைக்குச் சுற்றுலா போகாத குடும்பம் சுபாங் ஜெயாவில் அபூர்வம். பிரிஞ்சாங்கில் உள்ள கள்ளித் தோட்டத்தையும் பலர் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். திரும்பும் காரில் காய்கறி இருக்கும், ஸ்ட்ராபெர்ரி இருக்கும், சின்னப் பூச்சட்டியில் ஒரு கள்ளிச்செடியும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதற்குக் கிடைக்கும் இடம் எது? தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கம்! சில மாதங்களில் நுனி வெளிறும், கழுத்து நீளும், செடி ஒரு பக்கம் சாயும். "கைராசி இல்லை" என்று வீட்டுக்காரம்மா மேல் பழி விழும். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் செடி வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்த்து ஓய்ந்துபோனது, அவ்வளவுதான்.

"வரவேற்பறை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். ஏமாற்றுவது நம் கண். நடுப்பகல் வெட்டவெளியில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் வரை எட்டும். விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. செடிக்கு அந்த வசதி கிடையாது. வெளிச்சம்தான் அதற்குச் சோறு. கருவி எதுவும் வாங்க வேண்டாம். பகலில் செடிக்கு மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு தெரியும்படி விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகப் படிந்தால் அரைவயிறு. நிழலே விழாவிட்டால் பட்டினி.

அப்படியானால் வெளியே வைத்துவிடலாமா? எதிரணியினர் கைதட்ட அவசரப்பட வேண்டாம். வெளியே மழை இருக்கிறது. கள்ளியின் தாயகமான அமெரிக்கக் கண்டத்தின் பாலைநிலங்கள் பலவற்றில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மாலை இடிமழையில் தினம் நனையும் செடிக்கு வேர் அழுகிவிடும். இன்னொன்று, கூரைக்குக் கீழே வளர்ந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெளுத்துவிடும். அந்தத் தழும்பு ஆறவே ஆறாது. முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரங்களில் பழக்க வேண்டும். இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15 மணிக்கு. அதனால் 11 மணி வரை கிடைக்கும் வெயில் மென்மையானது.

எந்தச் சன்னல் நல்லது? இங்கிலாந்து, அமெரிக்கப் புத்தகங்கள் தெற்குச் சன்னலைச் சொல்லும். அது அந்த ஊர்களுக்குச் சரி. சுபாங் ஜெயா நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். இங்குள்ள வரிசை வீடுகளில் பெரும்பாலும் முன்னும் பின்னும்தான் சன்னல். கிழக்கு பார்த்த வீடு என்றால் ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. வடக்கு பார்த்த வீடு என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை செடியை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிவைக்க வேண்டும்.

எல்லாக் கள்ளிக்கும் ஒரே வெயில் என்பதும் தவறு. பிரேசில் காட்டு மரங்களில் தொற்றி வளரும் கிறிஸ்துமஸ் கள்ளிக்கு இலை நிழலே போதும். தலையில் சிவப்பு உருண்டை வைத்த ஒட்டுக்கள்ளியும் கடும் வெயில் தாங்காது. அந்த உருண்டையில் பச்சையமே இல்லை. கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது.

கொண்டோமினியத்தில் வெயில் படாத வீடா? வெள்ளை எல்இடி விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 12 மணி நேரம் எரிய விடலாம். இரவில் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். இருட்டில்தான் கள்ளி தன் துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்குகிறது.

ஒரு செடிக்கு இவ்வளவு பாடா என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளியான உலக ஆய்வு ஒன்று, கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. மனிதர் பறித்து விற்பதும் வாங்கிச் சேர்ப்பதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பல ஆண்டு வாழக்கூடிய உயிரை மூன்று மாத அலங்காரப் பொருளாக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த பயணத்தில் இன்னொன்று வாங்கி வருவது நியாயமா?

நடுவர் அவர்களே, கள்ளிக்கு வெளிச்சம் வெளியே இருப்பதுபோல வேண்டும், மழை உள்ளே இருப்பதுபோல வேண்டும். இரண்டும் சேரும் இடம் கார் நிறுத்தும் முன்கூரையின் விளிம்பு, பால்கனியின் ஓரம், ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூரையின் அடி. ஆகவே ஏற்ற இடம் உள்ளேயும் அல்ல, வெளியேயும் அல்ல, வாசல்தான் என்று கூறி, தீர்ப்பைத் தங்களிடம் விட்டு விடைபெறும் நேரம் இது.