வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஒரு ராட்டினத்துக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சர்வ சாதாரணம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அது ஆகிற காரியமா? அதற்கென்று 2013 முதல் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. காத்திருப்பு 60 நிமிடம் என்றால், ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். முந்திக்கொண்டு போவதல்ல இது, வெளியே காத்திருப்பது. இதற்கு முன்பிருந்த, வரிசையைத் தாண்டிப் போகும் சலுகையை அனுபவிக்க, வசதியான சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அழைத்துப் போனதாகச் செய்தி வந்தது. மனுஷ புத்தி! 2024-இல் விதிகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். வீடியோ அழைப்பில் பேசித்தான் அனுமதி வாங்க வேண்டும். வரிசையில் நின்றால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை உள்ளபடி விளக்குங்கள். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள்ளேயே நிரந்தரமாக நுழைய முடியாது.