கல்லும் மணலும் இறங்கும் முன்னே



மீனவர் பள்ளிக்கூடம் இடிஞ்சு கிடக்கு, திரும்பக் கட்டணும்னு கூடியிருக்கோம். எந்த மீனவர்?

பழவேற்காடு ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று தீர்மானிப்பது 'பாடு' முறை. அது பட்டினவர் ஊர்களின் உரிமை. இருளருக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. தண்ணிக்குள்ள உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ரெண்டு கையும் சேத்துல இருக்கே! எண்ணூர்ப் பக்கம் அந்தச் சேற்றிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துவிட்டது.

இறால் இல்லேன்னா செங்கல் சூளை. முன்பணம் வாங்கிக்கொண்டு தை மாசம் குடும்பத்தோடு போனால், மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. பரீட்சை ஏப்ரலில். வருகைப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதுகிறார்கள். புள்ளையா நின்னுச்சு?

அப்புறம் சாதிச் சான்று. தலித் பிள்ளைக்குத் தாசில்தார் தரலாம். பழங்குடிப் பிள்ளைக்கு 1989 முதல் கோட்டாட்சியர்தான். ஒரு தாயோடு மூணு தடவை அலைந்தேன். "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார்கள். அந்தம்மா வாழ்நாளெல்லாம் பிடித்தது இறால். சான்று இல்லாத பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மண் சுமக்கிற வேலைதான்.

சுவர் எழுப்புவோம். அந்தச் செங்கல்லை அறுத்ததும் அவர்கள்தானே. ஆனால் பெற்றோர் சூளைக்குப் போனாலும் பிள்ளை தங்கிச் சாப்பிட்டுப் படிக்க ஒரு விடுதி அதே வரைபடத்தில் இருக்கணும். கோட்டாட்சியர் பள்ளிக்கே வந்து சான்று தரணும். மனு எழுதிட்டோம், கையெழுத்துப் போடுங்க. தை பிறக்குமுன், முன்பணத்தோடு மேஸ்திரி வருவதற்கு முந்தி, நாம குடியிருப்புக்குப் போயாகணும்.